மாஸ்ஃபெட் ரிலேயை நிறுத்திய பின்னும் நெகட்டிவ் டிசி ஸ்பீக்கருக்குப் போகிறது: உதவி தேவை

கேள்வி (உட்லண்ட்ஸ்)

வணக்கம். கோயில் விழாக்களில் பயன்படும் 100 வாட் ஆம்ப்ளிஃபயருக்கு ஸ்பீக்கர் பாதுகாப்புச் சுற்று (பழுது வந்தால் ஸ்பீக்கரைத் துண்டித்துவிடுவது) அமைத்து வருகிறேன். மின்வழங்கல் ±45 வோல்ட். என்னிடமுள்ள ரிலேயில் (தொடுமுனைகளால் மின்சுற்றைத் திறந்து மூடும் சுவிட்ச்) 250 வோல்ட் ஏசிக்கு (மாறுதிசை மின்சாரம்) 10 ஆம்பியர் என்றிருந்தாலும், டிசிக்கு (ஒருதிசை மின்சாரம்) எல்லை 30 வோல்ட்தான். அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட்டாகி 45 வோல்ட் நேராக வந்தால், தொடுமுனைகள் விலகிய பிறகும் இடையிலுள்ள தீப்பொறி அணையாமல் மின்னோட்டத்தைக் கடத்தக்கூடும் என்பதால், ரிலேக்குப் பதில் இரண்டு ஐஆர்எஃப் 540என் மாஸ்ஃபெட்களை (சுவிட்சாகப் பயன்படும் டிரான்சிஸ்டர்கள்) தொடராக இணைத்து, ஒரு விஓஎம் 1271 ஆப்டோகப்ளரால் (ஒளி வழியாக இயக்கும் சில்லு) இயக்குகிறேன். இயங்கும்போது ஒலி தெளிவாக உள்ளது. மாஸ்ஃபெட்களை நிறுத்திவிட்டு, ஸ்பீக்கருக்குப் பதில் 8 ஓம் ரெசிஸ்டரை வைத்து, பெஞ்ச் சப்ளையிலிருந்து +12 வோல்ட் கொடுத்தால் அதில் எதுவும் வரவில்லை. −12 கொடுத்தால் 10.4 வோல்ட் வருகிறது. மாஸ்ஃபெட் பழுதா? சிம் லிம் டவரில் புதிதாக வாங்க வேண்டுமா? விரைவாக நிற்பதற்கு மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கும் (கட்டுப்படுத்தும் முனை) சோர்ஸுக்கும் (மின்னோட்டம் பாயும் இரு முனைகளில் ஒன்று; மற்றது டிரெய்ன்) இடையே 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைக்கலாமா?

பதில் (தெம்பனிஸ்)

வாங்க வேண்டாம், மாஸ்ஃபெட்கள் நன்றாகவே இருக்கின்றன. குறையும் 1.6 வோல்ட்டைக் கவனியுங்கள். அது இரண்டு டையோடுகளில் (ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தைக் கடத்தும் பாகம்) ஏற்படும் வோல்ட் இழப்பு. ஒன்று ஷார்ட்டாகியிருந்தால் 0.8 வோல்ட் அளவே குறைந்திருக்கும். ஒவ்வொரு மாஸ்ஃபெட்டின் உள்ளேயும் சோர்ஸிலிருந்து டிரெய்னுக்கு ஒரு டையோடு உண்டு. முதலாவதன் சோர்ஸை இரண்டாவதன் டிரெய்னோடு இணைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்போது இரு டையோடுகளும் ஒரே திசையைப் பார்ப்பதால் ஒரு துருவம் தடையின்றிப் போகும். இரு சோர்ஸ்களையும் ஒன்றோடொன்று இணையுங்கள்; அப்போது டையோடுகள் எதிரெதிராக நின்று இரு துருவங்களையும் தடுக்கும். ஒரு டிரெய்ன் ஆம்ப்ளிஃபயருக்கு, மற்றது ஸ்பீக்கருக்கு. ஆப்டோகப்ளரின் வெளியீடு சேர்ந்த கேட்களுக்கும் சேர்ந்த சோர்ஸ்களுக்கும் நடுவே வர வேண்டும். வெப்பம் பற்றிக் கவலை வேண்டாம்: ஒன்றின் தடை 44 மில்லி ஓம்தான், 100 வாட்டில் இரண்டும் சேர்ந்து 1 வாட்டைச் சற்றே தாண்டும்.

பதில் (ஜூரோங்)

மேலே சொன்னது சரி. அந்த 100 கிலோ ஓம் மட்டும் வேண்டவே வேண்டாம். இவ்வகை ஆப்டோகப்ளர் தன் எல்இடி ஒளியிலிருந்தே மின்சாரம் எடுப்பதால் மைக்ரோ ஆம்பியர் கணக்கில்தான் தரும். 20 மைக்ரோ ஆம்பியர் என்று வைத்தாலும் 100 கிலோ ஓமில் 2 வோல்ட்டுக்கு மேல் நிற்காது. அதில் மாஸ்ஃபெட் முழுமையாகத் திறக்காமல் சூடேறும், ஒலியும் சிதையும். விரைந்து நிறுத்தும் சுற்று விஓஎம் 1271இன் உள்ளேயே இருக்கிறது. மாற்றியமைத்ததும் இரு துருவத்திலும் அதே 12 வோல்ட் சோதனையைச் செய்து, ரெசிஸ்டரில் எதுவும் வரவில்லை என்று உறுதியான பிறகே ஸ்பீக்கரை இணையுங்கள்.