புதுப்பிப்பு: ஃபிரேமுக்குள் முறிந்த என்ஜின் மவுண்டிங் போல்ட் வெளியே வந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. புதிதாகத் தேடி வருபவர்களுக்காக: வண்டியின் என்ஜினை ஃபிரேமோடு பிடிக்கும் கீழ் மவுண்டிங்கின் எம்8 போல்ட் (8 மி.மீ. தடிமன், பிட்ச் எனும் மரை இடைவெளி 1.25 மி.மீ.) முறிந்து, மீதித் துண்டு ஃபிரேமில் வெல்டு செய்த நட்டுக்குள் சிக்கியிருந்தது.

இடப்பக்கம் (போல்ட் கழலும் திசையில்) சுற்றும் ட்ரில் பிட் துளை போட்டதே தவிர, துண்டு அசையவில்லை. எக்ஸ்ட்ராக்டரை (துளைக்குள் செருகி முறிந்த துண்டைத் திருகி எடுக்கும் கடின எஃகுக் கருவி) தொடவே இல்லை. அது உள்ளே உடைந்தால் சாதாரண பிட் அதில் ஏறாது.

கைகொடுத்தது, நட்டை வெல்டு வைக்கும் யோசனைதான். பேட்டரி, இசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) கப்ளர் இரண்டையும் கழற்றி, பெட்ரோல் டேங்கை இறக்கி அப்புறப்படுத்திய பிறகே வேலை. துண்டின் மேல் வாஷர், அதன் மேல் எம்10 நட்டு. எம்8 போட்டால் துளை குறுகல், வெல்டு அடிவரை இறங்காது. சிவப்பு தணிந்ததும் ஸ்பானரால் கொஞ்சம் முன்னும் பின்னும் ஆட்ட, துண்டு மரை வழியே சுழன்று வெளியே வந்துவிட்டது. அந்தச் சூடுதான் துருவை விடுவித்தது.

எதிர்பாராத ஒன்று: முறிந்த முகத்தில் பாதி துருவேறிக் கறுப்பு, பாதி பளபளப்பு. ஆக விரிசல் பழசு. லூசான போல்ட் அதிர்வில் மெல்ல அறுந்திருக்கிறது. மற்ற மவுண்டிங் போல்ட்களையும் மாற்றிவிட்டேன். டேப் (மரை வெட்டும் கருவி) ஓட்டி நட்டின் மரையைச் சுத்தம் செய்து, 8.8 கிரேடு (வலிமைத் தரம்) போல்ட், நீல லாக்டைட் (மரை கழலாமல் பிடிக்கும் பசை) போட்டேன். டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) சுமார் 25 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டி மேனுவல் வேறு சொன்னால் அதுவே கணக்கு.