லேட்டன்சி: தாமதமா, சுணக்கமா? (டிடிஆர்5 வழிகாட்டிக்காக)

வணக்கம் குழுவினரே,

டிடிஆர்4 ரேமிலிருந்து (கணினி நினைவகத்தின் முந்தைய தலைமுறை) டிடிஆர்5-க்கு மாறலாமா என்று நாம் மொழிபெயர்க்கும் வழிகாட்டி, லேட்டன்சி என்ற ஒரே சொல்லில் சிக்கி நிற்கிறது. வரைவில் தாமதம், காத்திருப்பு, உள்ளுறைவு என்று மூன்று விதமாக வந்திருக்கிறது. உள்ளுறைவை இன்றே நீக்கிவிடலாம். அது உள்ளுறை வெப்பத்தைப் பார்த்து எடுத்த சொல். இங்கே எதுவும் உள்ளே உறையவில்லை. கட்டளை போய்த் தரவு வரும்வரை செயலி காத்து நிற்கிறது, அவ்வளவுதான். தாமதம் என்பதை டிலே என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஒதுக்கிவிட்டோம். என் பரிந்துரை: சுணக்கம்.

---

> என் பரிந்துரை: சுணக்கம்.

இதில் எனக்கு உடன்பாடில்லை. "பணியில் சுணக்கம்" என்று செய்தியில் படித்தால் யாரோ மெத்தனமாக இருந்தார்கள் என்றுதான் பொருள். நினைவகம் மெத்தனம் காட்டுவதில்லை. மின்தேக்கியிலுள்ள சிறு மின்னூட்டத்தை உணர்ந்து பெருக்கிப் படிக்க நேரம் பிடிக்கிறது. தலைமுறை மாறினாலும் அந்த நேரம் பெரிதாகக் குறைவதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. ரேம் ஸ்டிக்கின் லேட்டன்சியைச் சிஎல் என்ற எண்ணால் குறிப்பார்கள்: பழைய ஸ்டிக்கில் சிஎல் 16, புதியதில் சிஎல் 40. இரண்டையும் "சுணக்கம் 16, சுணக்கம் 40" என்று எழுதினால் டிடிஆர்5 இரண்டரை மடங்கு மந்தம் என்று வாசகர் முடிவுகட்டிவிடுவார்.

---

ஐயா, சுணக்கத்தில் குறை சொல்லும் தொனி எல்லா ஊரிலும் இல்லை. யாழ்ப்பாணத்தில் "பஸ் வரச் சுணங்கும்" என்றால் நேரம் செல்லும் என்பதுதான், யார் மீதும் பழியில்லை. சொல் நிற்கட்டும்.

ஆனால் நீங்கள் காட்டிய இரண்டாவது சிக்கல்தான் பெரியது. சிஎல் என்பது நேரமே அல்ல, கடிகாரத் துடிப்புகளின் எண்ணிக்கை. எனவே நமக்கு வேண்டியது இரண்டு சொற்கள்: எண்ணிக்கைக்குச் சுணக்கத் துடிப்பு, நானோநொடிக்குச் சுணக்க நேரம். சுணக்கத் துடிப்பை 2000-ஆல் பெருக்கி, ஸ்டிக்கின் வேக எண்ணால் (டிடிஆர்4-3200 என்றால் 3200) வகுத்தால் சுணக்க நேரம் வந்துவிடும்.

டிடிஆர்4-3200, துடிப்பு 16: 10 நானோநொடி.
டிடிஆர்5-4800, துடிப்பு 40: 16.7 நானோநொடி.
டிடிஆர்5-6000, துடிப்பு 30: 10 நானோநொடி.

மாறலாமா என்ற கேள்விக்குப் பாதி விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது. மலிவான 4800 ஸ்டிக் நல்ல டிடிஆர்4-ஐவிடச் சுணக்கம் கூடியது. 6000/30 வாங்கினாலும் சுணக்க நேரம் அதே 10தான். கூடுவது பட்டையகலம், அதாவது ஒரு நொடியில் கைமாறும் தரவின் அளவு: ஒரு ஸ்டிக்குக்கு நொடிக்கு 25.6 ஜிபியிலிருந்து 48 ஜிபி.

6000 என்பதை மெகாஹெர்ட்சு என்று எழுதவே கூடாது. கடிகாரம் ஓடுவது 3000 மெகாஹெர்ட்சில். துடிப்பின் ஏற்றத்தில் ஒன்று, இறக்கத்தில் ஒன்று எனத் தரவு கைமாறுகிறது. "நொடிக்கு 6000 மில்லியன் கைமாற்றம்" என்பது நீளம்தான், ஆனால் சரி.

---

இரு சொற்களையும் ஏற்கிறேன். முடிவுப் பகுதியை இப்படி எழுதலாம்.

இரண்டு தலைமுறைக்கும் 288 பின்தான், ஆனால் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருக்கும்; ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது இறங்காது, அழுத்தித் தள்ளக் கூடாது. ஏஎம்டி செயலிகளுக்கான ஏஎம்4 வகை மதர்போர்டுக்கு டிடிஆர்4 மட்டும், ஏஎம்5-க்கு டிடிஆர்5 மட்டும். இன்டெல் 12 முதல் 14-ஆம் தலைமுறை வரை இரண்டு வகை போர்டும் உண்டு. ஆக ரேமை மாற்றுவது என்றால் போர்டையும், பெரும்பாலும் செயலியையும் சேர்த்து மாற்றுவதே.

தட்டச்சு, உலாவி, கணக்குப்பதிவு என்றால் மாற வேண்டாம். ஒற்றை 8 ஜிபி ஸ்டிக்கோடு ஓடும் கணினிக்கு அதே வகையில் இன்னொன்றைப் போட்டு இரட்டைத் தடமாக்கினாலே (இரண்டு ஸ்டிக்கிலிருந்தும் ஒரே நேரத்தில் தரவு வரச் செய்தாலே) பலன் தெரியும். செயலிக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸில் விளையாடுபவர், பெரிய கோப்புகளைச் சுருக்குபவர், மொழி மாதிரிகளைச் செயலியிலேயே ஓட்டுபவர் ஆகியோருக்குப் பட்டையகலம் கைகொடுக்கும். புதுக் கணினியே வாங்குகிறார் என்றால் டிடிஆர்5, தயக்கமில்லை.

நான்கு ஸ்லாட் இருக்கிறதே என்று நான்கையும் நிரப்ப வேண்டாம். ரைசன் 7000 வரிசைச் செயலிகளுக்கு ஏஎம்டி குறிப்பிடும் வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நான்குக்கு 3600. 32 ஜிபி வேண்டுமென்றால் இரண்டு 16. பயாஸில் (போர்டின் அமைப்புத் திரையில்) எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி என்ற வேக அமைப்பை இயக்காவிட்டால் 6000 ஸ்டிக்கும் 4800 போன்ற அடிப்படை வேகத்திலேயே ஓடும்.

ஒரு சொல் பாக்கி. கணினி இயங்கத் தொடங்கும்போது போர்டு ரேமைச் சரிசெய்யும் மெமரி டிரெயினிங்கை "நினைவகப் பயிற்சி" என்று எழுதியிருக்கிறோம். போர்டு அங்கே எதையும் கற்பதில்லை. ஒவ்வொரு தரவுக் கம்பியின் நேரத்தையும் மின்னழுத்தத்தையும் நுணுக்கமாகத் திருகி ஒத்துப்போக வைக்கிறது. சுருதி சேர்ப்பு என்கிறேன். புது டிடிஆர்5 போட்டு முதன்முறை இயக்கும்போது இதற்குச் சில நிமிடம் பிடிக்கும், திரை கறுப்பாகவே இருக்கும். ஸ்டிக் பழுது என்று நினைத்துப் பாதியில் மின்சாரத்தை நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். "சுருதி சேர்கிறது, காத்திருங்கள்" என்ற வரியை அந்தப் படிக்கு மேலேயே தடித்த எழுத்தில் போடுங்கள்.