புதுப்பிப்பு: மெனு இல்லாத உப்புவெளி விடுதி

முந்தி போட்ட பதிவில திருகோணமலைக்குப் பக்கத்தில இருக்கிற உப்புவெளியில ஒரு சமையல்காரர் நடத்திற சின்ன விடுதியைப் பற்றி எழுதினனான், மெனுவே இல்லாத இடத்துக்கு எப்பிடி நம்பிப் போறது எண்டு கனபேர் கேட்டிருந்தீங்கள், அதுக்குத்தான் இது.

மெனு இல்லாததுக்குக் காரணம் கடல்தான். விடியக் கரைக்குப் போய் வள்ளத்தில என்ன வந்திருக்கெண்டு பாத்திட்டுத்தான் சமையல்கார அண்ணை மத்தியானத்துக்கு முடிவெடுப்பார், பாரை வந்தா குழம்பு, கணவாய் வந்தா பிரட்டல், மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் பெரும்பாலும் கடல் அமைதி, நவம்பர் டிசம்பர் மழைக்குள்ள வள்ளம் இறங்காட்டி கருவாடும் முருங்கைக்காயும்தான் (எனக்கு அதுதான் கூட விருப்பம், சொன்னா ஆக்கள் சிரிக்கினம்).

குசினிக்குள்ள நிண்டு பாக்க விடுவார். சொதிக்கு தேங்காயின்ர ரெண்டாம் பாலில வெங்காயம், பச்சமிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை அவிய விட்டு, முதல் பிழிஞ்ச கட்டியான தலைப்பாலைக் கடைசியா விட்டு கொதிக்க முந்தி இறக்கி, பிறகுதான் தேசிக்காய்ப் புளி, அடுப்பில வச்சே புளி விட்டா பால் திரைஞ்சு போகும். கணவாயும் டக்கெண்டு இறக்கோணும், இல்லாட்டி றப்பர்தான்.

அறை சாதாரணம், ஃபேன் மட்டும், ஏசி கேக்கிறாக்கள் வேற இடம் பாருங்கோ. இரவுச் சாப்பாட்டைக் காலமையே சொல்லிப்போடுங்கோ, கன்னியா வெந்நீர்க் கிணறு, கோணேசர் கோயில் எண்டு சுத்திப்போட்டு பசியோட வந்து கேட்டா இடியப்பமும் சம்பலும்தான் மிஞ்சும்.