மறு: காமிக்ஸ் படமாகும்போது ரசிகர் கேட்பது எது? ‘மூலச்சாயல்’ என்று வைக்கலாமா

வணக்கம் நண்பர்களே,

காமிக்ஸ் படமாகும்போது மூலத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதை ஆங்கிலத்தில் ஃபிடெலிட்டி (fidelity) என்கிறார்கள். நம் அகராதிக்கு அதற்கொரு தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ஃபிடெலிட்டிக்கு ‘மூலவிசுவாசம்’ என்று வைத்துக்கொண்டு இந்த இழையை முடித்துவிடலாமே.

இப்போதே முடிக்க வேண்டாம் ஐயா. விசுவாசம் என்பது ஆளுக்கு உள்ள குணம். இயக்குநருக்குக் காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவி மேல் எவ்வளவு விசுவாசம் இருந்தாலும் படம் சொதப்பலாம். நாம் பெயர் தேடுவது படத்திலேயே இருக்கிற, பார்க்கிறவருக்குத் தெரிகிற ஒரு தன்மைக்கு. இழையில் அக்கா சொன்ன ‘மூலப்பற்று’க்கும் இதே சிக்கல்தான். இன்னொரு யோசனையான ‘நகலொப்பு’ எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை, ஏனென்றால் காமிக்ஸ் ரசிகர்கள் நகல் கேட்பதாக ஒரு பேச்சு ஏற்கெனவே இருக்கிறது, அந்தத் தப்பான பேச்சை நாமே சொல்லாக்கி அகராதியில் ஏற்றிவிடக்கூடாது.

நடந்ததைப் பாருங்கள். 1989இல் வந்த ‘பேட்மேன்’ படத்துக்கு மைக்கேல் கீட்டனைப் போட்டபோது, நகைச்சுவை நடிகருக்கா இந்த வேஷம் என்று வார்னர் நிறுவனத்துக்கு எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. படம் வந்ததும் அவரையே கொண்டாடினார்கள். ‘எக்ஸ்-மென்’ காமிக்ஸில் வரும் நாயகன் வுல்வரின் 5 அடி 3 அங்குலக் குள்ளன், 2000இல் ‘எக்ஸ்-மென்’ படத்தில் நடித்த ஹியூ ஜாக்மேன் ஆறடிக்கு மேல். உடையும் மஞ்சள் போய்க் கறுப்புத் தோலாகிவிட்டது. அவரை வேண்டாம் என்றா சொன்னார்கள்? அந்த மஞ்சள் உடையில் முழுப்படம் 2024இல்தான் வந்தது, அதுவரை அவர்தான் வுல்வரின். ஆனால் 1995இல் ‘ஜட்ஜ் ட்ரெட்’ படத்தில், காவலரும் நீதிபதியும் ஒருவரேயான ட்ரெட்டாக வந்த ஸ்டாலோன் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு முகம் காட்டி நடித்ததை ரசிகர்கள் இன்றுவரை மன்னிக்கவில்லை. 1977இல் தொடங்கிய அந்தக் காமிக்ஸில் ட்ரெட்டின் முழு முகத்தைக் காட்டுவதில்லை என்பது ஒரு விதி மாதிரி, அவன் தனி ஆள் இல்லை, சட்டமே நடந்து வருகிறது என்பதுதான் அந்தக் கவசத்துக்கு அர்த்தம். 2012இல் வந்த படத்தில் கார்ல் அர்பன் கடைசிவரை முகம் காட்டவில்லை, அதைத்தான் ‘நம்ம ட்ரெட்’ என்கிறார்கள்.

ஆக உயரம் மாறலாம், உடை மாறலாம், கவசம் மட்டும் கழலக்கூடாது. எது மாறலாம், எது கூடாது என்ற இந்தக் கணக்கு ரசிகர் மனதில் தெளிவாக இருக்கிறது, அதற்குத்தான் சொல் வேண்டும்.

எங்கள் மன்னார்குடியில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. கோயிலில் மூலவர் பரவாசுதேவப் பெருமாள், உற்சவர் மாடு கன்றோடு நிற்கும் ராஜகோபாலன். கோலம் வேறு, பெயரும் வேறு. பங்குனியில் பதினெட்டு நாள் திருவிழாவில் நாளுக்கு ஒரு அலங்காரம், வெண்ணெய்த்தாழி அன்று தவழும் குழந்தையாக வருவார், சனம் வெண்ணெயை வாரி வாரி அடிக்கும். இது மூலவர் மாதிரி இல்லையே என்று அங்கே ஒருத்தரும் கேட்பதில்லை, வந்தவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். காமிக்ஸ் மூலவர் என்றால் படம் உற்சவர்.

இதை வைத்துத்தான் மூலச்சாயல் என்று சொல்கிறேன். நம் பேச்சில் சாயலுக்கு ஏற்கெனவே இந்தப் பொருள் இருக்கிறது. “பிள்ளைக்கு அப்படியே தாத்தா சாயல்” என்றால் மூக்கும் காதும் அளந்து பார்த்தா சொல்கிறோம்?

இரும்புக்கை மாயாவியை வைத்துச் சோதிப்போம், நமக்கு நெருக்கமானவர் அவர்தானே. 1962இல் பிரிட்டனில் ‘வேலியண்ட்’ இதழில் தொடங்கி, 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வழியாக இங்கே வந்தவர். அவரைப் படமாக்கினால் கதையைத் தஞ்சாவூருக்குக் கொண்டுவரலாம், பெயரைத் தமிழாக்கலாம், மறையும் சக்தி அவருக்குக் கிடைக்கும் ஆய்வகத்தை அனல்மின் நிலையமாக்கலாம், நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைய வேண்டும், இரும்புக் கை மட்டும் காற்றில் தெரிய வேண்டும். இங்கேதான் எனக்குக் கவலை. பெரிய நட்சத்திரம் நடித்தால் முக்கியமான சண்டை முழுக்க அவர் முகம் திரையில் இல்லாமல் விடுவார்களா? முகத்தைக் காட்டுவதற்காக அந்த ஒன்றை மாற்றினால் ‘படத்தில் மூலச்சாயல் இல்லை’ என்று தயங்காமல் எழுதலாம். மூலவிசுவாசத்தை இதே இடத்தில் போட்டுப் பாருங்கள், இயக்குநரைத் திட்டுவது போல ஆகிவிடும்.

புழக்கத்திலும் வளைந்து கொடுக்கிறது: மூலச்சாயல் உள்ள படம், மூலச்சாயல் குறைந்த படம், மூலச்சாயல் கெடாமல் மாற்றினார்கள். ரசிகர் எதிர்பார்ப்பைத் தனியே சொல்ல ‘சாயல் எதிர்பார்ப்பு’ போதும்.

‘மூலம்’ என்றதும் நோய் நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். தனியாக நின்றால் வரும்தான். மூலவர், மூலநூல், மூலப்பொருள் என்று கூட்டுச்சொல்லாகும்போது யாருக்கும் வருவதில்லை, அதனால் எப்போதும் சேர்த்தே எழுதுவோம்.

அப்புறம், காமிக்ஸிலிருந்து எடுத்த படத்துக்குத் ‘தழுவல் படம்’ என்பதோடு ‘வழிப்படம்’ என்றும் ஒன்று சேர்க்கலாம். நன்னூல் நூல்களை முதனூல், வழிநூல், சார்புநூல் என்று பிரித்து, வழிநூல் முடிவில் முன்னோரோடு ஒத்துப்போக வேண்டும், மற்றபடி தனக்கு வேண்டிய வேறுபாடுகளைச் சொல்லலாம் என்கிறது. நாம் இத்தனை நாள் சுற்றிச்சுற்றிப் பேசுவதும் அதுதான்.

அகராதிப் பதிவுக்கு என் வரைவு:

மூலச்சாயல் – பெ. ஒரு படைப்பு வேறு ஊடகத்துக்கு மாறும்போது, விவரங்கள் மாறினாலும், மூலத்தை அறிந்தவர் அதை அடையாளம் காணும்படி எஞ்சி நிற்கும் தன்மை.

‘எஞ்சி நிற்கும்’ சரியா, ‘நிலைத்திருக்கும்’ சரியா என்று சொல்லுங்கள். எஞ்சுவது என்றால் மிச்சம் மீதி போல ஒலிக்கிறதோ என்று அக்கா கேட்பார், அவர் கருத்து வந்ததும் பதிவில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
மன்னார்குடியிலிருந்து