'உறுதிப்படுத்தல் சார்பு' போதுமா? உடன்சான்றுச் சார்பு: ஒரு முன்மொழிவு

> நம் எண்ணத்துக்கு ஒத்துவரும் சான்றை மட்டும் பார்க்கிற கன்ஃபர்மேஷன் பயஸுக்கு 'தன்மதக்கோள்' எனலாமா ஐயா? நன்னூலில் "பிறிதொடு படாஅன் தன்மதங் கொளலே" என்று இருக்கிறதே.

வணக்கமுங்க அம்மா. பவணந்தியார் அதை எழுவகை மதத்தில் ஒன்றாக, நூலாசிரியர் மேற்கொள்ளும் நெறியாகத்தான் சொல்கிறார், குறையாக அல்ல. அங்கே மதம் என்றால் கொள்கை. இன்று படிப்பவர் சமயம் என்றே எடுத்துக்கொள்வார், விவாதம் தொடங்கும் முன்பே பழி பக்தர் தலையில் விழும். அது நியாயமில்லை. ஆய்வுக்கூடத்திலும் இதே பிழை உண்டு. 1903இல் பிரான்சின் இயற்பியலாளர் பிளாண்ட்லோ 'என்-கதிர்' என்று ஒரு புதுக் கதிரைக் கண்டதாக அறிவித்தார், வேறு சிலரும் கண்டோம் என்றார்கள். 1904இல் அதைச் சோதிக்கப் போன இயற்பியலாளர் ராபர்ட் வுட் இருட்டறையில் கருவியின் முப்பட்டகத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார். அது இல்லாமல் கதிர் தெரியவே கூடாது, ஆனால் அதற்குப் பிறகும் அவர்களுக்குக் கதிர் தெரிந்தது!

'உறுதிப்படுத்தல்' என்றாலோ, சரிபார்ப்பதே தப்பா என்று மாணவர் குழம்புவார். நமக்கு வேண்டியது, ஒத்துவரும் சான்றை மட்டும் எடுத்துக்கொள்வதைக் காட்டும் சொல். அதனால் 'உடன்சான்றுச் சார்பு'. எதிர்ப்பதம் 'எதிர்ச்சான்று' தானே கிடைக்கிறது.

காங்கேயம் சிவன்மலை முருகன் கோயில் உத்தரவுப் பெட்டியை வைத்துப் பார்ப்போம். பக்தர் கனவில் வந்த பொருளை, பூக்கேட்டு உத்தரவு கிடைத்தபின் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். அடுத்த கனவு வரும்வரை அது இருக்கும், கெடு கிடையாது. தண்ணீர் வைத்தார்கள், சுனாமி வந்தது என்பார்கள். மழை பெய்திருந்தாலும், வறட்சி வந்திருந்தாலும், ஆற்றுநீர்ச் சண்டை மூண்டிருந்தாலும் அதே தண்ணீர் பொருந்தியிருக்கும். சோதிக்க நினைப்பவர் பொருள் வைத்த அன்றே மூன்றை எழுதிவைக்க வேண்டும்: என்ன நடக்கும், எந்தத் தேதிக்குள், எது நடந்தால் கணிப்பு பொய். ஒன்றும் நடக்காத பொருள்களையும் அதே ஏட்டில் ஏற்ற வேண்டும். அவைதான் முதலில் மறந்துபோகும். முருகன்மேல் உள்ள பக்திக்கும் இந்த ஏட்டுக்கும் பகையில்லை.

> 'உடன்சான்று' உடன்சாட்சி மாதிரி, கோர்ட் வாசனை அடிக்கிறதுங்க ஐயா. தேடும்போதே ஒருபக்கம் போவதையும் இது சொல்லுமா?

சொல்ல வேண்டும். 1960இல் உளவியலாளர் வேசன் 2, 4, 6 என்று கொடுத்து, வேறு எண்களைச் சொல்லிப் பொருந்துமா என்று கேட்டு அதன் விதியைக் கண்டுபிடிக்கச் சொன்னார். பலரும் 'இரண்டிரண்டாகக் கூடும்' என்று எண்ணி 8, 10, 12 மாதிரியே கேட்டார்கள். உண்மை விதி வெறும் ஏறுவரிசை. 1, 2, 3 என்று கேட்டிருந்தால் எண்ணம் உடைந்திருக்கும். ஆகவே வரையறையில் 'தேடுவதிலும், பொருள்கொள்வதிலும், நினைவில் வைப்பதிலும்' என்று மூன்றையும் சேர்க்கிறேன். கோர்ட் வாசனை இருக்கட்டும் அம்மா, இரு தரப்பையும் கேட்கிற இடம்தானே.

> சரிங்க. வினைச்சொல்லுக்கு 'உடன்சான்று பொறுக்குதல்' என்றே போடுங்க.