பருவகால விஸ்கி காக்டெய்ல் பாதிக்கு மேல் திகட்டுவது ஏன்?

கேள்வி:
வீட்டுக்கு அருகிலுள்ள சிறிய பாரில், இலையுதிர் காலத்துக்கென்று புதிதாகச் சேர்த்திருக்கும் காக்டெய்ல் ஒன்றை நேற்று சுவைத்தேன். போர்பன் விஸ்கி, ஆப்பிள் சாறு, இலவங்கப்பட்டை போட்டுக் காய்ச்சிய பாகு, சில துளி பிட்டர்ஸ் (மூலிகைகள் ஊறிய கசப்புச் சாறு), மேலே நுனி கருக்கிய ஒரு பட்டைத் துண்டு. முதல் சில மிடறுகளில் பட்டையின் புகைமணமும் ஆப்பிளும் விஸ்கியின் காரமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பேச்சில் மூழ்கிவிட்டு இருபது நிமிடம் கழித்து எடுத்தபோதோ வெறும் சர்க்கரைத் தண்ணீராகத் திகட்டியது. குறை பானத்திலா, நான் குடித்த வேகத்திலா?

முதல் பதில்:
பெரும்பாலும் வெப்பநிலையின் வேலை. குளிர்ச்சி இனிப்பை அடக்கி வைக்கும். பானம் குளிர்ச்சி இழக்க இழக்க, அதே அளவு சர்க்கரையை நாக்கு கூடுதலாக உணரும். இதற்கிடையில் ஐஸ் உருகி விஸ்கியின் காரத்தைக் குறைத்திருக்கும், கருக்கிய பட்டையின் மணமும் போயிருக்கும். ஐஸ் சிறு துண்டுகளாக இருந்ததா? பரப்பு அதிகம் என்பதால் அவை விரைவில் உருகும். பெரிய ஒற்றைக் கட்டி நெடுநேரம் தாங்கும்.

இரண்டாம் பதில்:
ஐஸைக் குறை சொல்வதற்கு முன் பட்டியலைப் பாருங்கள்: புளிப்புக்கென்று எதுவுமே இல்லை. ஆப்பிள் சாறே இனிப்பு, அதன்மேல் பாகு. போதாததற்குப் போர்பன். அமெரிக்க விதிப்படி குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் சேர்ந்த தானியக் கலவையிலிருந்து வடித்து, உட்புறம் கருக்கிய புதிய ஓக் கலத்தில் வைக்கப்படுவதால், அதில் வெனிலா மணம் ஏறியிருக்கும். கிராம்பின் மணத்துக்குக் காரணமான யூஜினால் ஓக்கிலிருந்தும் விஸ்கியில் இறங்குவதால்தான் பட்டையும் கிராம்பும் அதனோடு இவ்வளவு இயல்பாகப் பொருந்துகின்றன. அந்தத் தேர்வில் பிழையில்லை. 60 மில்லி விஸ்கிக்கு 20 மில்லி எலுமிச்சைச் சாறு சேர்த்து, பாகை 15 மில்லியோடு நிறுத்தியிருந்தால் கடைசி மிடறு வரை நின்றிருக்கும். போர்பனுக்குப் பதில், ரை என்ற தானியத்தை முதன்மையாகக் கொண்ட ரை விஸ்கி கேட்டாலும் காரம் தூக்கலாக இருக்கும்.

மூன்றாம் பதில்:
இரண்டு பதில்களும் சரியே. ஒன்று மட்டும்: சூடேறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள், பழச்சாறு மறைத்தாலும் உள்ளே இருப்பது குறைந்தது 40 சதவீத ஆல்கஹால் கொண்ட விஸ்கி. அளவைக் குறைத்து, சிறிய கோப்பையில் ஐஸ் இல்லாமல் வடித்துத் தரச் சொல்லலாம். ஆப்பிள் சாறு சேர்வதால் கலக்குவதைவிடக் குலுக்கித் தருவதே நல்லது.

கேட்டவர்:
நன்றி. இன்று எலுமிச்சை சேர்த்து, பாகைப் பாதியாக்கித் தரும்படி கேட்டேன். பார்டெண்டர் முகம் சுளிக்காமல் செய்து தந்தார். கடைசி வரை ஆப்பிள் தெரிந்தது. பட்டைமணம் மட்டும் நேற்றைய முதல் மிடற்றில் இருந்த அளவுக்கு இல்லை. பாகைக் குறைக்கச் சொன்னதன் விலை அது போலும்.