தியான வகுப்பில் விரல் மடங்கினால் சக்தி இறங்கியதாக அர்த்தமா?

சுங்கை சிப்புட்டிலிருந்து:

எங்க ஊர்க் கோயில் மண்டபத்துல வெள்ளிக்கிழமை தியான வகுப்பு. வர்றவங்க பெரும்பாலும் தோட்டத்து லயத்தை விட்டுத் தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, குடிவந்தவங்க. அன்னைக்கு வேகமா மூச்சு இழுத்து விடுற பயிற்சி. பக்கத்துல இருந்த அக்காவுக்கு முதல்ல உதடு குறுகுறுன்னு இருந்துச்சாம். அப்புறம் சோத்தை உருட்டி எடுக்கிறப்ப குவியுமே, அப்படி ரெண்டு கை விரலும் குவிஞ்சு நின்னுடுச்சு, பிரிக்க முடியல. பின்னால யாரோ "ஆத்தா வந்துட்டா"ன்னு விபூதித் தட்டோட ஓடி வந்தாங்க.

முன்ன தோட்டத்துல டிரசரா, அதாவது மருத்துவ உதவியாளரா, இருந்த ஐயாதான் எழுந்து வந்து, "மெதுவா விடும்மா... இன்னும் மெதுவா"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். கொஞ்ச நேரத்துல விரல் தானா விரிஞ்சிடுச்சு. மூச்சு வேகமானா ரத்தத்துல கரியமில வாயு குறையும், காரத்தன்மை ஏறும், நரம்புக்கு எட்டுற கால்சியம் குறைஞ்சுடும். அப்ப நரம்பு சும்மாவே துடிக்கும். மூளைக்குப் போற ரத்தக்குழாயும் சுருங்கும், தலைசுத்தல் அதனாலதான். "ஆத்தா மேல பழி போடாதீங்க"ன்னு சிரிச்சார்.

கோலசிலாங்கூரிலிருந்து:

நான் செம்பனை லோரி ஓட்டுறேன். மில்லுல குலை இறக்க லைன்ல நிக்கிறப்ப கண்ணை மூடி, மணிக்கட்டுல நாடி பிடிச்சுக்கிட்டு மூச்சைக் கவனிப்பேன். இழுக்கிறப்ப நாடி கொஞ்சம் வேகமாகும், விடுறப்ப தளரும். நீங்களும் பிடிச்சுப் பாருங்க. மூளைத்தண்டுல இருந்து இதயத்துக்கு இறங்குற வேகஸ் நரம்பு போடுற பிரேக் அது. மூச்சை நீட்டி விட்டா மனசு அடங்குறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனா "ஆல்ஃபா நிலைக்குக் கூட்டிட்டுப் போறேன்"னு காசு கேக்கிறவங்ககிட்ட எனக்கு நம்பிக்கை இல்ல லா. ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924ல மனுஷ மூளையோட மின்னலையைப் பதிவு பண்ணி, 1929ல வெளியிட்டார். செகண்டுக்கு 8லிருந்து 13 தடவை அடிக்கிற அந்த ஆல்ஃபா அலை, விழிச்சிருக்கிறவங்க சும்மா கண்ணை மூடினாலே பெரும்பாலும் கூடும். அதுக்கு எதுக்கு கட்டணம்?

பீடோரிலிருந்து:

சம்மணம் போட்டு ரொம்ப நேரம் இருந்தா கால்ல ஜிவ்வுன்னு ஏறுமே, அதைக் குண்டலினின்னு எங்க அம்மாகிட்ட யாரோ சொல்லிட்டாங்க. முழங்கால் பக்கத்துல நரம்பு அழுந்துறதுதான் அது. அதையாவது விடலாம், அந்த நம்பிக்கையில பிரஷர் மாத்திரையை நிறுத்திட்டாங்க, ரீடிங் ஏறிப்போச்சு. கிளினிக்ல நர்ஸ் நல்லா ஏசினாங்க. இப்ப மாத்திரையும் உண்டு, தியானமும் உண்டு, ஆனா நாற்காலியில உட்கார்ந்துதான்.